வேண்டுதல் சீட்டு

ராணி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. வலி கண்ட மறுநாள் சாயங்காலம்தான் ஒரு ஜட்கா கிடைத்தது. அதில் வைக்கோல் பரப்பி அவளைப் படுக்க வைத்தார்கள். மைசூர்க் கடைத்தெருவின் நெரிசலை வண்டி தாண்டுவதற்குள் அவளும் வயிற்றிலிருந்த பிள்ளையும் அடங்கிவிட்டார்கள். அவள் தலையை மடியில் தாங்கியிருந்தவள் தங்கை சகாயமேரி. காலடியில் உட்கார்ந்திருந்தவள் அதே சந்தில் குடியிருக்கும் நர்ஸ் டோரதி.

வண்டிக்காரன் குதிரையைத் திருப்பினான்.

"படுக்க ஒரு எடம் இருந்திருந்தா நீங்களே பாத்திருப்பீங்க இல்லக்கா?" என்று சகாயமேரி கேட்டாள்.

வெளிச்சமும் வெந்நீரும் ஒரு கட்டிலும் இருந்திருந்தால் டோரதி பார்த்திருப்பாள். ஆனால் ராணியின் வீடு ஒற்றை அறை. ஊதுபத்தி காயப்போட்ட தட்டிகளுக்கு நடுவே ஒரு குடும்பமே அதில் சமைத்து, உண்டு, உறங்கியது. சந்தில் எல்லா வீடுகளும் அப்படித்தான். டோரதியின் வீட்டில் கட்டில் இருந்தது; வெளிச்சமும் தண்ணீரும் இல்லை.

அது அக்ரஹாரத்துக்குப் பின்னால் இருந்த சந்து. பெரும்பாலும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள். ஆண்கள் ரயில்வே பட்டறைக்கும் மில்லுக்கும் போனார்கள். பெண்கள் அக்ரஹாரத்துக் கடைகளிலிருந்து கரித்தூளும் மூங்கில் குச்சியும் வாங்கி வந்து வீட்டில் ஊதுபத்தி உருட்டினார்கள். உருட்டி உருட்டி அவர்கள் விரல்கள் கறுத்துப் போயிருந்தன. எந்தச் சோப்புக்கும் அந்தக் கறுப்பு போவதில்லை.

சந்தின் முனையில் நகரசபையின் பழைய சுங்கச் சாவடி பூட்டிக் கிடந்தது. ஊருக்குள் வரும் பாரவண்டிகளை நிறுத்தி வரி வாங்கிய கட்டடம் அது. சாவடி வேறிடம் போய்ப் பல வருடமாகிவிட்டது. நல்ல ஓட்டுக் கூரை, இரண்டு அறை, வாசலில் தண்ணீர்க் குழாய், எதிரே சந்துக்கே ஒன்றான தெருவிளக்கு. ராணியை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று டோரதி அந்தப் பூட்டின் முன்னால் வெகுநேரம் நின்றாள். இரண்டு கட்டில் போட்டால் போதும். கட்டிலுக்குக்கூட யாரையும் கேட்க வேண்டாம். தன் வீட்டுக் கட்டிலையே கொண்டுவந்து போட்டுவிடுவாள்.

அவள் மனு எழுதினாள். பிறகு நேரில் போனாள். நகரசபை ஆபீஸில் எல்லோரும் மரியாதையாகவே பேசினார்கள். "இதெல்லாம் மெம்பர் சொன்னாத்தாம்மா ஆகும்" என்றார்கள்.

அந்த வட்டாரத்துக்கு மெம்பர் தேர்தல் வந்தது. மாதா கோயில் முற்றத்தில் ஆண்கள் கூடிப் பேசி எட்வர்டை நிறுத்தினார்கள். எட்வர்ட் பட்டறையில் தலைமைக் குமாஸ்தா, கெட்டவர் அல்ல. பூசையில் நன்றாகப் பாடுவார். எத்தனையோ பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர். சுங்கச் சாவடியை வாலிபர்களுக்கு வாசகசாலையாக்கித் தருவதாக அவர் வாக்குக் கொடுத்தார். டோரதி அவர் வீட்டுக்குப் போய்ப் பிரசவ அறையைப் பற்றிச் சொன்னாள்.

"நல்ல விஷயம்தான் சிஸ்டர். அடுத்த தடவை பார்க்கலாம்" என்றார் எட்வர்ட்.

அடுத்த தடவை என்பது எத்தனை ராணிகளுக்குப் பிறகு என்று டோரதி நினைத்தாள். வீட்டுக்கு வந்து, இறந்துபோன தன் கணவரின் படத்துக்குக் கீழே உட்கார்ந்து ஜெபித்தாள். மறுநாள் தானும் தேர்தலில் நிற்பதாக எழுதிக் கொடுத்தாள். அவளுக்குக் கிடைத்த சின்னம் விளக்கு. எட்வர்டுக்குச் சைக்கிள். அப்போதெல்லாம் நிற்பவர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி; சின்னத்தை அதன்மேல் ஒட்டியிருப்பார்கள்.

சந்தில் ஆண்கள் சிரித்தார்கள். "பிரசவம் பாக்கற கையில நகரசபையைக் குடுத்தா, அதுக்கும் தொட்டில் கட்டிடுவாங்க" என்று ஒருவர் சொன்னது ஒரு வாரம் ஊர் சுற்றியது. அவர்கள் சிரித்ததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முன்வருடம் நடந்த பொதுத் தேர்தலில் சந்துப் பெண்கள் யாரும் ஓட்டுப் போடவில்லை. வீட்டுக்கு ஒரு ஓட்டு போதும் என்று ஆண்கள் சொன்னார்கள். பெண்களும் அதையே சட்டம் என்று நம்பினார்கள். டோரதி போக நினைத்திருந்தாள். அன்று ஒரு பிரசவ வீட்டிலிருந்து அவளால் எழுந்து வர முடியவில்லை. ஆகவே ஓட்டுப்பெட்டி என்பதை அவளும் கண்ணால் பார்த்ததில்லை.

பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பது என்று தீர்மானித்தபோது, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை பெர்னார்டிடம் போய், பூசைச் சாமான் அறை மூலையில் கிடக்கும் பழைய உண்டியலை இரவல் கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"ஓட்டு எப்படிப் போடறதுன்னு காட்டணும். பெட்டின்னு ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்."

பெர்னார்ட் தலையைச் சொறிந்தார். "கோயில் சாமான். பங்குச் சாமியாரைக் கேக்கணும். அப்புறம் எட்வர்ட் சார் என்ன நினைப்பாரோ. எதுக்கு சும்னே வம்பு. வேணாம்மா."

அவள் வற்புறுத்தவில்லை. யாரையும் சங்கடப்படுத்துவது அவள் சுபாவம் அல்ல. வீட்டில் இரண்டு நாற்காலியைப் போட்டாள். ஒன்றின் மேல் விளக்குப் படம் ஒட்டிய அட்டை, மற்றதன் மேல் சைக்கிள் படம் ஒட்டிய அட்டை. நடுவே பழைய புடவையைத் திரையாகக் கட்டினாள்.

செவ்வாய்க்கிழமைகளில் சந்தின் நடுவிலுள்ள அந்தோணியார் குருசடியில் ஜெபம் முடிந்ததும் பெண்கள் அவள் வீட்டுக்கு வந்தார்கள். குருசடி என்பது சிறிய கூண்டுபோன்ற கட்டடம். உள்ளே மரப்பீடத்தின் மேல் அந்தோணியார் சொரூபம். வேண்டுதல் உள்ளவர்கள் ஒரு சீட்டில் அதை எழுதி, காற்றில் பறந்துவிடாமல் பீடத்துக்கு அடியில் செருகிவிட்டு முழந்தாளிட்டு எழுந்து போவார்கள். எழுதத் தெரியாத பெண்கள் வெறும் தாளை மடித்துச் செருகுவார்கள். மனசில் இருப்பதை அவர் படித்துக்கொள்வார்.

"ஓட்டுச் சீட்டும் அப்படித்தான்" என்றாள் டோரதி. "ஒண்ணும் எழுத வேண்டாம். கையெழுத்து வேண்டாம். அவங்க குடுக்கற தாளை விளக்குப் படம் போட்ட பெட்டியில போட்டா போதும். யார் போட்டாங்கன்னு கர்த்தருக்குத்தான் தெரியும்."

பெண்களுக்கு அது சட்டென்று புரிந்தது. பயம் போய்விட்டது. ஒவ்வொருத்தியாகத் திரைக்குப் பின்னால் போய், ஜன்னல் காற்றில் சீட்டுப் பறக்காமலிருக்க அட்டைக்கு அடியில் செருகிவிட்டு வந்தார்கள். பெட்டிக்கு மேலே வாய் இருக்கும், அதன் வழியாக உள்ளே போட வேண்டும் என்று டோரதி ஒரு தடவை சொல்லத்தான் செய்தாள். ஆனால் வாய் சொன்னது காதோடு நின்றது. கை பழகியது கையில் நின்றது.

கீரை விற்கும் மாதம்மாவும் வந்து உட்கார்ந்தாள். அவள் கௌதள்ளி கிராமத்துக்காரி, மாதேஸ்வர சாமியைக் கும்பிடுகிறவள், சந்துக்குப் பின்புறக் குடிசையில் இருந்தாள்.

"ஏனுங் நர்ஸம்மா, நானு உங்க கோயிலுக்கு வர்றதில்லீங். என்ர ஓட்டுச் செல்லுமுங்களா?"

"உன் ஓட்டும் என் ஓட்டும் ஒரே எடை, மாதம்மா."

"அப்படீங்களா. சரியா நிறுத்துப் போடறவங்களை இப்பத்தானுங் பாக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மாதம்மா சைக்கிள் படத்தை உற்றுப் பார்த்தாள். "இது ஓடிப்போயிருமுங். வெளக்குன்னா வெச்ச எடத்துல இருக்கும்" என்றாள்.

கடைசிச் செவ்வாயன்று எல்லோரும் அந்தோணியாருக்கு முன்னால், விளக்குக்கே போடுவதாகச் சத்தியம் செய்தார்கள். மாதம்மாவும் தன் கையை நீட்டினாள்.

சகாயமேரிக்கு அப்போது ஐந்தாம் மாதம். அவள் கணவன் ஸ்டானிஸ்லாஸுக்குப் பட்டறையில் வேலை வாங்கிக் கொடுத்தவரே எட்வர்ட்தான். தேர்தலில் எட்வர்டின் ஏஜெண்டாக உட்காரப் போகிறவனும் அவன்தான். மற்றப் பெண்கள் வீட்டில் மூச்சுவிடவில்லை. சகாயமேரிக்கு மறைக்கத் தெரியாது.

"நான் விளக்குக்குத்தான் போடப்போறேன்" என்று சோற்றைப் பரிமாறிக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"எட்வர்ட் சார் மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?"

"ராணி மூஞ்சியில நான் முழிச்சேனே. அந்த ஜட்காவுல."

அவன் அடிக்கவில்லை, ஏசவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். அன்றிலிருந்து அவள் கையால் சாப்பிடவில்லை. காலையும் மாலையும் மிலிட்டரி ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தான். ஆக்கிய சோறு பானையில் இருக்கும். அதை மறுநாள் அவளே உண்பாள். வயிற்றுப் பிள்ளைக்காக உண்ண வேண்டியிருந்தது. "போகட்டும், எட்வர்டுக்கே போட்டுடு" என்று டோரதியே ஒரு நாள் சொல்லிப் பார்த்தாள்.

"இந்தப் பிள்ளை எங்கே பொறக்கும்க்கா? அதுவும் ஜட்காவுலயா?" என்றாள் சகாயமேரி.

தேர்தல் நாளன்று பெண்கள் கோயிலுக்குப் போவதுபோல் குளித்து, முக்காடிட்டு, ஒன்றாகப் புறப்பட்டார்கள். பெண்களுக்கென்று தனி ஓட்டுச் சாவடி. ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் அம்மாள்தான் அதிகாரி. வாசல் பெஞ்சில் ஒருபுறம் ஸ்டானிஸ்லாஸும், மறுபுறம் தனக்குத் தானே ஏஜெண்டாக டோரதியும் இருந்தார்கள். சகாயமேரி ஸ்டானிஸ்லாஸைக் கடந்து உள்ளே போனாள். அவன் தலைகுனிந்து ஏதோ எழுதுவதுபோல் இருந்தான்.

மை வைக்க அவள் கையைப் பிடித்த டீச்சர் திகைத்தார். "எந்த விரல்லம்மா வைக்கிறது? எல்லாமே கறுப்பா இருக்கே."

"நகத்து மேல வைங்கம்மா. அது ஒண்ணுதான் மிச்சம்" என்றாள் சகாயமேரி. பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துவிட்டார்.

திரைக்குப் பின்னால் அரை இருட்டு. மேஜை மேல் இரண்டு இரும்புப் பெட்டிகள். ஒன்றில் விளக்குப் படம். சகாயமேரி அதன் அருகே போனாள். பெட்டியின் மேல்புறம் உண்டியலில் இருப்பதுபோல ஒரு சிறு கீறல் இருந்தது. அது காசு போடுவதற்கு என்று நினைத்தாள். காசு கொண்டுவரச் சொல்லவில்லையே என்று ஒரு கணம் பயந்தாள். பிறகு, இல்லாதவர்களிடம் அக்கா காசு கேட்கமாட்டாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். சீட்டை நாலாக மடித்து, பெட்டியை லேசாகத் தூக்கி, அடியில் பத்திரமாகச் செருகினாள். முழந்தாளிட்டாள். "அந்தோணியாரே, என் பிள்ளை கட்டிலில் பிறக்கட்டும்" என்றாள். சிலுவை வரைந்துகொண்டு எழுந்தாள்.

வெளியே வந்தபோது அவள் முகத்தில் இருந்த அமைதியை டோரதி பார்த்தாள். வெகுநாள் கழித்து அவள் பயமில்லாமல் இருப்பதைப் பார்த்து, தோற்றாலும் பரவாயில்லை என்றுகூட டோரதிக்குத் தோன்றியது.

சாயங்காலம் ஓட்டுச் சாவடி மூடியது. இரு தரப்பினர் முன்னிலையில் டீச்சர் பெட்டிகளுக்குச் சீல் வைக்க வந்தார். சைக்கிள் பெட்டியைத் தூக்கினார். பிறகு விளக்குப் பெட்டியைத் தூக்கினார். அதன் அடியிலிருந்து மடித்த தாள்கள் சரிந்து மேஜையிலும் தரையிலும் விழுந்தன.

டோரதி குனிந்து ஒன்றை எடுக்கப் போனாள்.

"தொடக்கூடாதும்மா" என்றார் டீச்சர்.

"இதெல்லாம் எங்க பொண்ணுங்க போட்டது. விளக்குப் பெட்டிக்கு அடியிலதானே இருக்கு? யாருக்குப் போட்டாங்கன்னு தெரியுதே."

"எனக்குத் தெரியுது. ஆனா பெட்டிக்கு உள்ளே இருக்கறதுதான் ஓட்டு. வெளியே இருந்தா ரத்து பண்ணி உறையில போடணும். அதான் ரூல்." அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். "நான் ஒரு தடவை உள்ளே வந்து பாத்திருக்கலாம். கூட்டமா இருந்தது. வாசல்ல நின்னு மேலோட்டமாப் பாத்துட்டுப் போயிட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஸ்டானிஸ்லாஸ் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தாள்களில் ஊதுபத்தி வாசனை வந்தது. ஒவ்வொன்றின் மடிப்பிலும் கறுப்பாக விரல் ரேகை பதிந்திருந்தது. எது யாருடையது என்று சொல்ல முடியாது. எல்லாமே அவன் வீட்டில் தினமும் பார்க்கிற கறுப்பு.

மறுநாள் எண்ணினார்கள். எட்வர்ட் ஜெயித்தார். உறைக்குள் போன தாள்களில் பாதி பெட்டிக்குள் விழுந்திருந்தால் டோரதி ஜெயித்திருப்பாள்.

முந்தின நாள் மாலை, எண்ணிக்கைக்கு முன்பே, ஸ்டானிஸ்லாஸ் நேராக வீட்டுக்கு வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தான். "சோறு இருக்கா?" என்றான். சகாயமேரி தட்டை வைத்தாள். அவன் உண்டான். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினான். அவள் அடுப்புப் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு மனுஷனை மாற்றிவிட்டோம் என்று அந்தப் பேதை நினைத்தாள்.

தோற்ற சேதி வந்ததும் அவள்தான் டோரதிக்கு ஆறுதல் சொல்ல வந்தாள். "நாங்க ஒருத்தர்கூட மாத்திப் போடலைக்கா. அதை மட்டும் நம்புங்க. முழங்கால் போட்டு, வேண்டிக்கிட்டுத்தான் வெச்சேன்."

உண்மை டோரதியின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. இத்தனை நாள் பசியும் அவமானமும் பட்டுப் போட்ட ஓட்டு. அது எங்கும் சேரவில்லை என்று எப்படிச் சொல்வது? "தெரியும் மேரி" என்றாள். சொல்லாமலிருப்பதே அன்பு என்று அவள் எண்ணினாள். நல்லவர்களும் சில சமயம் அப்படித் தவறுகிறார்கள்.

அந்த மௌனம் மெல்ல விஷமாயிற்று. சத்தியம் செய்தவர்கள் இத்தனை பேர். விழுந்த ஓட்டு அவ்வளவு இல்லை. அப்படியானால் யாரோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள். குழாயடியில் பேச்சுத் தொடங்கியது. முதலில் பொதுவாகப் பேசினார்கள். பிறகு ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். கடைசியில் எல்லோர் பார்வையும் மாதம்மா மேல் நின்றது. எட்வர்ட் வீட்டு வாசலில் அவள் கீரைக்கூடை இறக்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அவள் சத்தியம் செய்தது அவள் கும்பிடாத சாமி முன்னால்.

"எத்தனை கட்டு கீரைக்கு வித்தே?" என்று ஒருத்தி கேட்டாள்.

மாதம்மா கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். "கீரைதானுங் நான் விக்கறது" என்றாள். அதற்குப் பிறகு அவள் சந்துக்குள் வரவில்லை.

கீரைக்காரி ஏன் வரவில்லை என்று டோரதி விசாரித்தபோதுதான் இதெல்லாம் தெரிந்தது. சொன்னவள் சகாயமேரியே. "நான் அவளை ஒண்ணும் சொல்லலைக்கா. ஆனா சொன்னப்ப சும்மா இருந்துட்டேன்" என்றாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை குருசடியில் ஜெபம் முடிந்ததும் டோரதி எழுந்து நின்றாள். பெண்கள் மட்டுமல்ல, கோயிலிலிருந்து எண்ணெய் கொண்டுவந்த பெர்னார்டும், வேலை முடிந்து அவ்வழியே வந்த ஸ்டானிஸ்லாஸும் ஓரமாக நின்றார்கள்.

"யாரும் மாத்திப் போடலை. உங்க சீட்டெல்லாம் விளக்குப் பெட்டிக்கு அடியில இருந்தது. உள்ளே போடணும். அடியில வெச்சது எண்ணிக்கையில சேராது. நான் உங்களுக்குச் சரியாச் சொல்லிக் குடுக்கலை. இது என் தப்பு" என்றாள்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாருக்கும் முதலில் விளங்கவில்லை.

"இல்லக்கா. நீங்க எங்க மனசைத் தேத்தச் சொல்றீங்க" என்றாள் சகாயமேரி.

"உண்மைதான் மேரி" என்று ஒரு குரல் வந்தது. ஸ்டானிஸ்லாஸ் பேசினான். அவன் எட்வர்டின் ஆள்; அவன் சொல்ல வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. "நான் பாத்தேன். டீச்சர் பெட்டியைத் தூக்கினப்ப கீழே கொட்டிச்சு. எல்லாத்துலயும் கறுப்பு ரேகை. ஊதுபத்தி வாசனை."

சகாயமேரி தன் விரல்களைப் பார்த்தாள். ஏதோ கணக்குப் போடுவதுபோல் அவள் முகம் சுருங்கியது.

"அன்னிக்குச் சாயங்காலம் சோறு கேட்டீங்களே" என்றாள். "அது இதுக்குத்தானா?"

அவன் காலடி மண்ணைப் பார்த்தான்.

"கோவம் தீந்துச்சுன்னு நினைச்சேன். பாவம்னு சாப்ட்டீங்களா?"

"மேரி…"

அவள் குருசடியின் படியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "அந்தச் சீட்டு இப்ப எங்கே இருக்குது?" என்றாள்.

"ஒரு உறையில போட்டு அரக்கு வெச்சாங்க. கொஞ்ச நாள் வெச்சிருந்து எரிச்சிடுவாங்களாம்" என்றான் ஸ்டானிஸ்லாஸ்.

"எல்லாருதும் ஒரே உறையிலயா?"

"ஒரே உறையிலதான்."

"அப்ப மாதம்மாவுதும் அதுலதான் இருக்கும்" என்றாள் சகாயமேரி. "அவளும் எங்ககூட நாற்காலியில பழகினவதானே." கையை ஊன்றி எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பின்புறக் குடிசைகளை நோக்கி நடந்தாள். "எத்தனை கட்டு கீரைக்கு" என்று கேட்டவள்தான் முதலில் அவள் பின்னால் போனாள். பிறகு மற்றவர்கள்.

மாதம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"நானும் அடியிலதானுங் வெச்சேன்" என்றாள் முடிவில். "ஓட்டை சின்னதா இருந்துச்சு. உள்ளாற போட்டா நசுங்கிப் போயிருமோன்னு." பிறகு ஆய்ந்த கீரையைக் கட்டி சகாயமேரியின் கையில் வைத்தாள். "வயித்துப் புள்ளைக்காரி. வெறுங்கையோட போகாதீங்."

மழைக்காலம் தொடங்குவதற்குள் சுங்கச் சாவடியின் பூட்டைத் திறந்தார்கள். வெள்ளையடித்து, பெஞ்சு போட்டு, செய்தித்தாள் வரவழைத்து, வாசகசாலை என்று பலகை மாட்டினார்கள். திறப்பு விழாவில் எட்வர்ட் மனமார, தாய்மார்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசினார். சாயங்காலங்களில் உள்ளே வெளிச்சம் தெரிந்தது. வாலிபர்கள் சத்தமாகச் செய்தி படித்தார்கள்.

சகாயமேரிக்கு மாதம் நெருங்கியது. ஸ்டானிஸ்லாஸ் அவளோடு அதிகம் பேசுவதில்லை, அவளும் பேசுவதில்லை. ஆனால் ஜட்காக்காரன் ஒருவனிடம் சொல்லி, வேலை முடிந்ததும் வண்டியைச் சந்திலேயே கொண்டுவந்து நிறுத்த ஏற்பாடு செய்தான். சந்தில் விளக்கு உள்ள இடம் வாசகசாலை வாசல் ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு மாலையும் குதிரை அங்கே கட்டப்பட்டது. அவனால் முடிந்தது அது. டோரதி வண்டிக்குள் இருந்த வைக்கோலை மாற்றி, துவைத்த ஜமுக்காளம் ஒன்றை விரித்து வைத்தாள். அவளால் முடிந்தது அது.

ஒரு செவ்வாய்க்கிழமை பெர்னார்ட் பழைய உண்டியலைத் தோளில் சுமந்துகொண்டு டோரதியின் வீட்டுக்கு வந்தார். யாரும் கேட்டனுப்பவில்லை. துருவைச் சுரண்டி எண்ணெய் போட்டிருந்தார்.

"சாமியாரைக் கேட்டேன். 'இதைக் கேக்கவா வந்தே, எடுத்துட்டுப் போ'ன்னுட்டாரு" என்றார். டோரதியின் முகத்தைப் பார்க்காமல், "அன்னிக்கே கேட்டிருக்கலாம்" என்றார்.

அடுத்த தேர்தலுக்கு இன்னும் வருடங்கள் இருந்தன. இருந்தாலும் பெண்கள் வந்து உண்டியலைச் சுற்றி நின்றார்கள். சகாயமேரி நிறைமாத வயிற்றோடு முன்னால் வந்தாள். டோரதி ஒரு தாளைக் கொடுத்தாள். அவள் அதை நாலாக மடித்து, மேலே இருந்த கீறலில் வைத்து விரலால் தள்ளினாள். தாள் உள்ளே விழுந்தது. சருகு விழுவதுபோல் மெல்லிய சத்தம் கேட்டது.

அவள் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"இவ்வளவுதானாக்கா?" என்றாள்.

"இவ்வளவுதான் மேரி."

அவள் தன் கறுத்த விரலை அந்தக் கீறலிலிருந்து உடனே எடுக்கவில்லை. சந்தின் முனையில் வண்டிக்காரன் குதிரையைக் கட்டிக்கொண்டிருந்தான். அதன் கழுத்து மணி கேட்டது. சகாயமேரி மறு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பி அந்தப் பக்கம் பார்த்தாள். டோரதி எழுந்து வந்து அவள் தோளைத் தாங்கிக்கொண்டாள்.